நாற்பத்தொரு மதிப்பெண்

அபூ ஸுஹைலுக்குக் கூடாரம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஒரு கிளாஸ் தேநீர். நான் சொல்லவில்லை, மானிடக் கண்ணிய ஒருங்கிணைப்பு மன்றத்தின் கணினி சொல்கிறது. கணினி பொய் சொல்லாது என்று மன்றத்து ஆட்கள் எங்களிடம் நாலு தடவை சத்தியம் செய்திருக்கிறார்கள்.

நான் அபூ தாமிர். காஸா நகரத்தில் மூன்று நாற்காலி போட்ட சலூன் வைத்திருந்தவன். இப்போது தேர் அல்-பலாஹ் கடற்கரை முகாமில் ஒரு நாற்காலியும் பாதிக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு முடி வெட்டுகிறேன். வருகிறவர்கள் முகத்தில் பாதியைத்தான் பார்க்க முடியும். இந்தக் காலத்தில் அது போதும்.

எனக்கு அடுத்த கூடாரம் அபூ ஸுஹைலுடையது. கூடாரம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இரண்டு போர்வை, ஒன்பது மாவு மூட்டைச் சாக்கு, வாத்துப் படம் போட்ட ஒரு குளியலறைத் திரை, இத்தனையையும் சேர்த்துத் தைத்தது. மனிதர் பெய்த் ஹனூனில் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். மூத்த மகன் ஸுஹைல் ஆறு மாதம் முன்பு தண்ணீர் பிடிக்கப் போனான். கேனை மட்டும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் போன பிறகும் அவன் பெயரால்தான் அவரைக் கூப்பிடுகிறோம், ஸுஹைலின் அப்பா என்று. வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஸுஹைலின் மனைவி ராவியாவுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. கடலுக்கு மேலே மேகமும் கட்ட ஆரம்பித்திருந்தது. மழை முதலில் வருமா, பிள்ளை முதலில் வருமா என்று அபூ ஸுஹைல் தினமும் ஒரு தடவை வானத்தையும் ஒரு தடவை மருமகள் வயிற்றையும் பார்ப்பார். ஒழுகாத ஒரு கூடாரம், பிள்ளை அதில் பிறக்க வேண்டும். அவர் இந்த உலகத்திடம் கேட்டது இவ்வளவுதான்.

மன்றத்தின் கிடங்கில் கூடாரங்கள் இருந்தன. கஷ்டத்துக்கு நூறு மதிப்பெண் வைத்து அளப்பார்கள். அறுபதும் அதற்கு மேலும் வாங்கினால் கூடாரம். பள்ளிக்கூடத்தில் அறுபது வாங்கத் திணறியவர்கள் எல்லாம் இதில் தொண்ணூறு வாங்கிவிடலாம் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அளக்க வந்தவன் முன்தஸிர். கான் யூனிஸ் பையன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. அவன் வருவதைப் பார்த்ததும் அபூ ஸுஹைலின் மனைவி உம்மு ஸுஹைல் பின்பக்கமாக ஓடினாள். ஒரு கூடாரத்தில் சர்க்கரை, என்னிடம் தேயிலை, இன்னொருவரிடம் உடைந்த நாற்காலிக் கால் ஒன்று விறகுக்கு, எல்லாம் கடன். பத்து நிமிடத்தில் தட்டில் இரண்டு கிளாஸ் வந்து நின்றது.

"வேணாம் பெரியப்பா, வேலைல இருக்கேன்" என்றான் முன்தஸிர்.

"வல்லாஹி, அல்லா மேல ஆணை, குடிச்சே ஆகணும். எங்க வாசலுக்கு வந்தவன் வாய் நனைக்காமப் போனான்னு நாளைக்கு நாலு பேர் சொல்லவா?" என்றார் அபூ ஸுஹைல்.

அவன் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். கடைசியில் அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பிறகு டேப்லெட்டைத் திறந்தான்.

"கடந்த ஏழு நாள்ல இந்த வீட்டுல சர்க்கரை இருந்துச்சா?"

அபூ ஸுஹைல் கிளாஸைப் பார்த்தார். "இதோ, இப்ப இருந்துச்சு மகனே."

"கூரை ஒழுகுதா?"

"இன்னும் மழையே வரலியே, எப்படி ஒழுகும்?"

"உங்களுக்கு இங்க ஏதாவது குறை இருக்கா பெரியப்பா?"

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு குறையும் இல்ல மகனே. நீ நல்லா இருக்கியா? வீட்டுல எல்லாரும் சுகமா?"

விருந்தாளி இப்படிக் கேட்டால், எல்லாப் புகழும் இறைவனுக்கே, குறையில்லை என்ற இந்த ஒரு பதில்தான் எங்களிடம் உண்டு. வீடு எரிந்து காலும் ஒடிந்து கிடப்பவனும் முதலில் இதைத்தான் சொல்வான். மூன்றாவது கிளாஸ் தேநீருக்கு மேல்தான் மெல்ல மெல்ல நிஜம் வெளியே வரும், அதுவும் விருந்தாளி துருவிக் கேட்டால். முன்தஸிருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் டேப்லெட்டில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. மூன்றாவது கிளாஸுக்கு எங்களிடம் சர்க்கரை இல்லை.

மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் குடும்பம் நாற்பத்தொரு மதிப்பெண் பெற்றுத் தாக்குப்பிடிக்கும் குடும்பமாகத் தேர்ச்சி அடைந்துள்ளது.' அபூ ஸுஹைல் அதை என்னிடம் நீட்டி, "தேர்ச்சின்னா குடுப்பாங்கதானே?" என்று கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மன்றத்தில் புகார் மேசை ஒன்று உண்டு. அங்கே போகச் சொன்னேன், கூடவே நானும் போனேன். மேசையில் இருந்த பெண் வயதானவரைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. பிறகு ஒரு திரையைத் திருப்பிக் காட்டினாள். அழுமூஞ்சியிலிருந்து பல்லிளிப்பு வரைக்கும் ஐந்து மூஞ்சிகள் வரிசையாக இருந்தன.

"முதல்ல இந்தப் புகார் மேசை எப்படி இருக்குன்னு சொல்லணும் பெரியப்பா. அப்பத்தான் புகார் எழுதற பக்கமே திறக்கும்."

எழுந்து இடம் கொடுத்த பெண்ணுக்கு முன்னால் அழுமூஞ்சியை அமுக்க அவருக்கு மனசு வருமா? பல்லிளிப்பை அமுக்கினார். திரை பச்சையானது. 'உங்கள் முழுத் திருப்திக்கு நன்றி. புகார் முடித்துவைக்கப்பட்டது.'

"மகளே, நான் இன்னும் புகாரையே சொல்லலியே!"

அவள் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "மூடிருச்சு பெரியப்பா. இதுவரைக்கும் வந்த புகார்ல தீர்ந்தது இது ஒண்ணுதான்" என்று அவளும் திகைத்துப்போய்ச் சொன்னாள். அப்புறம் பாவம், ஒரு காகிதத்தில் மறுஆய்வு மனு ஒன்றை அவளே தன் கையால் எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தால்தான் இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது.

இந்தத் தடவை நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். என் சலூன் நாற்காலியைக் கொண்டுபோய் அவர் வாசலில் போட்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்தேன்.

"உங்களுக்குக் குறை இருக்கா?"

"அல்ஹம்து..."

"நிறுத்து! இன்னொரு தடவை அந்த வார்த்தைய எடுத்தே, பாதி மீசைய சிரைச்சு விட்ருவேன். குறை இருக்கா?"

"இருக்கு... மன்னிக்கணும்."

"மன்னிப்பெல்லாம் கேட்காத மனுஷா! கூரை ஒழுகுதுன்னு சொல்லு. மருமக மாசமா இருக்கான்னு சொல்லு. தேநீர்னு ஒண்ணு உலகத்துல இருக்கறதையே மறந்துரு."

உம்மு ஸுஹைல் உள்ளே இருந்து சீறினாள். "வந்தவங்களை வெறும் வாயோட அனுப்பற வீட்டுலயா ஸுஹைல் பிறந்தான்? என்ன பேச்சு பேசறீங்க அபூ தாமிர்?"

"ஸுஹைல் பிறந்த வீட்டுக்குக் கூரை இருந்துச்சு உம்மு ஸுஹைல். அவன் பிள்ளைக்கும் வேணுமா வேணாமா?"

நான்கு நாள் ஒத்திகை பார்த்தோம். முகாமே வந்து வேடிக்கை பார்த்தது. நாலாம் நாள் அபூ ஸுஹைல் மன்னிப்புக் கேட்காமல் ஒரு முழு வாக்கியம் சொல்லிவிட்டார். நாங்கள் கைதட்டினோம்.

மறுஆய்வுக்கு முன்தஸிரோடு தலைமை அலுவலகத்து மேற்பார்வையாளர் ஒருவரும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. இஸ்திரி என்ற ஒன்று இன்னும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள். தட்டு வரவில்லை. அபூ ஸுஹைல் முகம் வேர்த்து வடிந்தது. "குறை இருக்கு" என்றார். "கூரை தாங்காது. மருமகளுக்கு இது மாசம்." உள்ளே உம்மு ஸுஹைல் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்தஸிர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி டேப்லெட்டைச் சாய்த்துக் காட்டினான். அறுபத்திரண்டு!

அங்கேயே எழுந்து போயிருப்பார்கள். ஆனால் மேற்பார்வையாளருக்கு விக்கல் வந்தது. விக்கினார், சுற்றும் முற்றும் பார்த்தார், மறுபடி விக்கினார். எங்கள் வரிசையில் இரண்டு விருந்தாளிகள் கால் மணி நேரமாக ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் விக்குகிறார், அத்தனை கூடாரமும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்க்கிறது. என்னால் முடியவில்லை. சத்தியமாக முடியவில்லை. நாற்பது நாளாகப் பொட்டலம் கட்டி ஒளித்துவைத்திருந்த காபித்தூளை எடுத்து, பாதிக்குப் பருப்புப் பொடி கலந்து, ஏலக்காய் ஒன்றை நசுக்கிப் போட்டு, என் கையாலேயே கொண்டுபோய் வைத்தேன். ஆமாம், அந்தத் தட்டைக் கொண்டுபோனவன் நான்தான். நாலு நாள் ஒத்திகை நடத்திய வாத்தியார்.

மேற்பார்வையாளர் ஒரு வாய் குடித்தார். விக்கல் நின்றது.

"இது யார் வீட்டுக் காபி?"

"பக்கத்து வீடு" என்றேன், பெருமையாக வேறு.

"பக்கத்து வீட்டுல குடுக்கறாங்க..." அவர் டேப்லெட்டை வாங்கித் தட்டினார். "அப்படின்னா சமூக ஆதரவு வலுவா இருக்கு. ஏலக்காய் போட்டிருக்கீங்களா?"

முப்பத்தாறு.

அன்று சாயங்காலம் அபூ ஸுஹைல் என்னைத் திட்டவில்லை. "நீ செஞ்சது சரிதான், அபூ தாமிர். விக்கினாரே, என்ன செய்வே?" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு முடி வெட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் மன்றத்துக்கு ஒரு யோசனை வந்தது. வருமானமே இல்லாமல், இவ்வளவு கிழிந்த கூடாரத்தில், இவ்வளவு குறைந்த கஷ்ட மதிப்பெண் வாங்கிய மனிதர் இந்தக் கடற்கரையிலேயே வேறு யாரும் இல்லையாம். ஆகவே அவரை முன்மாதிரிக் குடும்பத் தலைவர் என்று அறிவித்து, குளிர்காலத் தயார்நிலை விழாவில் சான்றிதழ் கொடுப்பதாக முடிவு செய்தார்கள்.

விழாவுக்காகப் பெரிய கூடாரம் ஒன்று போட்டார்கள். போரில் பிழைத்துக் கிடந்த கல்யாணப் பந்தல்காரரைப் பிடித்து, சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வாடகைக்கு எடுத்தது. இரும்புக் கம்பி, இரட்டைத் துணி, கீழே மரப்பலகை, அதற்கு மேல் கம்பளம். முகாமிலேயே நனையாத இடம் அது ஒன்றுதான். உள்ளே கூட்டம் போட வந்தவர்களுக்கும், பார்க்க அழைக்கப்பட்ட எங்களுக்கும் நாற்காலிகள்.

பேச எழுந்தவர் மன்றத்தின் பொறுப்பாளர் டாக்டர் ஹாஸிம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நெருக்கடிகளை நிர்வகிப்பது பற்றி வெளிநாட்டில் புத்தகம் எழுதி வாங்கிய டாக்டர்.

"அன்பு மக்களே, இந்த முகாமில் இதுவரை பதினான்கு கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த மக்களும் இவ்வளவு நுட்பமாக அளக்கப்படவில்லை. எந்தக் கூடாரத்துக்குள் எத்தனை விரல்கடை தண்ணீர் ஏறும் என்பது எங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். இந்த அறிவு சாதாரணமானதல்ல. இதற்காக நமக்கு இரண்டு விருது கிடைத்திருக்கிறது."

முன்வரிசையில் இருந்த மன்றத்து ஆட்கள் கைதட்டினார்கள். மேலே துணியில் மழையின் முதல் சொட்டு விழுந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏன் கூடாரம் தரவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். அறுபதுக்கு மேல் வாங்கியவர்களுக்குத் தந்திருக்கிறோம். ஆனால் கம்பி இல்லை. கம்பி ஆபத்தான பொருள் என்று எல்லை வாசலில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் சோர்ந்துவிடவில்லை. குடும்பத்தினர் நான்கு மூலையையும் முறைவைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று படம் போட்ட கையேடு அச்சடித்திருக்கிறோம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் பங்கேற்கலாம்."

மழை கொட்ட ஆரம்பித்தது. அவர் குரலை உயர்த்தி இன்னும் அரை மணி நேரம் பேசினார். அபூ ஸுஹைலை மேடைக்கு அழைத்து, கண்ணாடித்தாள் ஒட்டிய சான்றிதழைக் கையில் கொடுத்தார்.

"இந்த மனிதரைப் பாருங்கள்! இவருக்கு ஒன்றுமே தேவையில்லை!"

அந்த நேரத்தில்தான் வாசல் துணியை விலக்கிக்கொண்டு உம்மு ஸுஹைல் வந்தாள். பின்னால் நாலு பெண்கள் ஒரு ஈரப் போர்வையின் நாலு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், முகாமின் மருத்துவச்சி உட்பட. போர்வைக்குள் ராவியா. முழங்கால் வரைக்கும் சேறு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், பிறகு கடிக்க முடியாமல் கத்தினாள்.

"உள்ள தண்ணி வந்துருச்சு" என்றாள் உம்மு ஸுஹைல் புருஷனைப் பார்த்து. "பாயெல்லாம் மிதக்குது. எங்க கொண்டு போவேன்? நீங்களே சொல்லுங்க!"

டாக்டர் ஹாஸிம் மைக்கை அணைக்காமலே சொன்னார். "அம்மா, இது நிகழ்ச்சிக்கான கூடாரம். தங்கறதுக்கு அனுமதி இல்லீங்க. ஒரு மனு எழுதிக் குடுத்தீங்கன்னா முன்னுரிமைல..."

அபூ ஸுஹைல் சான்றிதழை நாற்காலி மேல் வைத்தார். மைக்கை வாங்கினார். அந்த மனிதர் இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூடப் பேருந்திலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டதில்லை. வந்த விருந்தாளியிடம் "போய் வா" என்று முதலில் சொல்லாதவர்.

"எல்லாரும் எழுந்திருங்க. வெளிய போங்க."

யாரும் அசையவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"போங்கன்னு சொல்றேன்ல! எம் மகன் பிள்ளை வருது. போங்க! டாக்டர், நீங்களும்தான். எழுந்து போங்கய்யா!"

முகாம்காரர்கள் நாங்கள் முதலில் எழுந்தோம். மன்றத்துக்காரர்களை நாற்காலியோடு எழுப்பினோம். இரண்டே நிமிடத்தில் உள்ளே பெண்கள் மட்டும் இருந்தார்கள். முன்தஸிர் வாசல் துணியை இழுத்து மூடிவிட்டு மழையிலேயே காவல் நின்றான்.

டாக்டர் ஹாஸிமுக்குப் போக இடமில்லை. வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. நான் அவரை என் கூடாரத்துக்குக் கூட்டிவந்து சலூன் நாற்காலியில் உட்காரவைத்தேன். நேரே அவர் வழுக்கையில் சொட்டியது. நாற்காலியை நகர்த்தினேன். அங்கேயும் சொட்டியது. அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். பதினான்கு கணக்கெடுப்பில் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

"இது ஒழுகுதே!" என்றார்.

"ஆமா டாக்டர். எழுதிக்குங்க."

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் குழந்தை அழுதது. பெண். அபூ ஸுஹைல் வாசல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார். அதைப் பார்த்து நானும் அழுதேன், ஒளிப்பானேன்.

நாலு மணிக்குப் பந்தல்காரர் கம்பியைப் பிடுங்க ஆளோடு வந்தார். டாக்டர் ஹாஸிம் ஓடிப்போய் அபூ ஸுஹைலின் தோளைத் தொட்டு, மிக மென்மையாகப் பேசினார்.

"அபூ ஸுஹைல், நல்லதுக்குச் சொல்றேன். இங்கயே இருந்தீங்கன்னா விதிமீறல் ஆயிரும். எல்லாப் பட்டியல்லயிருந்தும் உங்க பேர் போயிரும். நிரந்தரமா. யோசிச்சுப் பாருங்க."

"போகட்டும் டாக்டர்."

"மாவு கூடக் கிடைக்காதுங்க!"

"இதுவரைக்கும் எங்க கிடைச்சுது? நான் நகர மாட்டேன். பிள்ளை பிறந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகல. என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் இந்தத் துணிய அவிழ்க்கணும்."

பந்தல்காரர் உள்ளே இருந்து வந்த சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார். "வாங்கடா போலாம். நான் கல்யாணத்துக்குப் பந்தல் போடறவன். குழந்தை தலைக்கு மேலேர்ந்து கம்பி பிடுங்கற தொழில் எனக்கு வேணாம்."

அன்று ராத்திரிக்குள் தண்ணீர் புகுந்த கூடாரத்துக்காரர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். பதினோரு குடும்பம். அபூ ஸுஹைல் ஒவ்வொருவருக்கும் இடம் காட்டிவிட்டுத் தான் வாசலருகே படுத்தார்.

நாலு நாள் கழித்து எல்லோர் போனிலும் ஒரே செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் குடும்பம் தற்போது கம்பியுடன் கூடிய, தரை போட்ட, தரமான தங்குமிடத்தில் வசிப்பது உறுதி செய்யப்பட்டுள்ளது. உங்கள் தேவை முழுமையாக நிறைவேறியதால் கோப்பு மூடப்படுகிறது.' அந்த வருடம் மன்றம் நூற்றுக்கு நூறு எட்டிய ஒரே இலக்கு நாங்கள்தானாம். மூன்றாவது விருதுக்கு எங்களைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

மூடிய கோப்புகளுக்குக் கையெழுத்து வாங்க முன்தஸிர் வந்தான். மழை விடவில்லை. பதினோரு கையெழுத்தும் வாங்கிய பிறகும் அவன் போகவில்லை. டேப்லெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"என்ன மகனே?" என்றார் அபூ ஸுஹைல்.

"பெரியப்பா... மன்றத்துல வேலை செய்யறவங்க மதிப்பெண்ணுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. அதான்..." அவன் வெளியே கை காட்டினான். தலையில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இரண்டு பிள்ளைகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தன. "எங்களுது நேத்து சாஞ்சுருச்சு. உள்ள இடம் இருக்குமா?"

அபூ ஸுஹைல் தன் படுக்கையைச் சுருட்டி வாசலை ஒட்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார். உம்மு ஸுஹைல் பேத்தியை ராவியாவிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய் அந்தப் பிள்ளைகளின் தலையைத் துவட்டினாள்.

மன்றத்தின் பதிவில் அந்தக் கூடாரத்தில் இன்றைக்கும் பதினோரு குடும்பம்தான். பன்னிரண்டாவதை எழுத வேண்டியவன் எங்களுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.